வாயைத் திறக்கச் சொன்ன கைபேசி

அறுபது முடிந்த கிழவர்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் ஓய்வூதியம் போடத் தொடங்கியபோது, சீனாவின் அன்ஹுய் மலையடியில் இருந்த அந்த ஊரில் ரூய்மெய்யைப்போல் மகிழ்ந்தவர் யாருமில்லை. காலமெல்லாம் சர்க்கரைவள்ளிக் கஞ்சியும் ஊறுகாய்க் கீரையும் தின்ற வீடு. புருஷன் தெசானின் பணத்தில் முட்டை வந்தது, கொழுப்பு சொட்டும் பன்றிக்கறி வந்தது. "தின்னுய்யா, வயித்துக்கு வஞ்சன பண்ணாத" என்று அவளே அவர் கிண்ணத்தில் அள்ளி வைத்தாள்.

கறி வந்தால் சாராயம் வராமல் இருக்குமா? பின்னாலேயே சிகரெட்டும் வந்தது. முன்பெல்லாம் யாராவது சிகரெட் நீட்டினால் தெசான் இருமல் என்று பொய் சொல்லி நழுவிவிடுவார். திருப்பி நீட்டக் கையில் இருக்காது. இப்போது ஊருக்கே பெட்டியைத் திறந்து நீட்டினார்.

"இத்தன வருஷம் தலகுனிஞ்சு போனேன், கிழவி. இப்பதான் குடுக்கிற கை" என்றார்.

அவரை இவ்வளவு நாள் காப்பாற்றியது இல்லாமைதான் என்று அவளுக்கு அப்போது உறைக்கவில்லை. பாவி, கறியில் இன்னும் உப்பு அள்ளிப் போட்டாள்.

வசந்தத்தில் அவருக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. வாய் கோணியது, பேச்சும் போனது.

"இனிமே சாராயம் உள்ள போச்சுன்னா ஆளு மிஞ்ச மாட்டாருக்கா" என்றாள் ஊர் டாக்டரம்மா.

கேட்பாரா? ஓய்வூதிய அட்டையை ஆட்டிக் காட்டினால் பெட்டிக்கடைக்காரன் படுக்கைக்கே புட்டியைக் கொண்டுவந்தான். அட்டையைப் பிடுங்கப் போனால் மருந்துக் கிண்ணத்தைத் தூக்கி எறிந்தார். அவளுக்கோ அறுபதாக இன்னும் இரண்டு வருடம் இருந்தது. அவருடைய ரத்தக்கொதிப்பு மாத்திரைக்கும் அந்தப் பணம்தான்.

உயிரோடு இருப்பதை வருடத்துக்கு ஒருமுறை கைபேசியில் முகம் காட்டி நிரூபிக்க வேண்டும். இல்லாவிட்டால் பணம் நின்றுவிடும். அந்த நாளும் வந்தது.

கண் சிமிட்டச் சொன்னது, சிமிட்டினார். வாயைத் திறக்கச் சொன்னது. பாதி வாய்தான் திறந்தது.

'முகம் பொருந்தவில்லை.'

தெசான் தேம்பி அழுதார். ரூய்மெய்க்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. சாராயம் நின்றது! மறுகணம் மாத்திரைக் குப்பியை ஆட்டிப் பார்த்தாள். சத்தமே இல்லை. நிம்மதிப்பட்ட தன் மனசை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது. இந்தப் பக்கம் போனாலும் சாவு, அந்தப் பக்கம் போனாலும் சாவு. அவள் எங்கே போவாள்?

"அழாதய்யா. இன்னொருவாட்டி பாப்போம்."

தொங்கிய உதட்டை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கைபேசியை நீட்டினாள். இந்த முறை அது ஏற்றுக்கொண்டது.

தெசானின் கண்கள் மலர்ந்தன. இத்தனை மாதமாக ஒரு சொல் வராத வாய், அவள் விரலை எடுக்குமுன் அசைந்தது.

"ஊ...த்து" என்றார்.