பச்சை பூத்த தோட்டா

படப்பைப் பக்கம் ஒரு காலி மனையில் கிடைத்த பழைய தோட்டா ஒன்றை அறைத்தோழன் மாரி கொண்டுவந்தான். பச்சைக் களிம்பு பூத்ததில் உள்ளே வெடிமருந்து செத்திருக்கும் என்று, பேச்சுப்போட்டி மேடைகளில் பரிசு வென்ற மிடுக்கோடு நான் நிறுவினேன்.

"அப்பம் கம்பெனில டிரில்ல ஓட்ட போட்டு சாவிக்கொத்துல மாட்டிக்கிடுதேன்" என்று ஷிப்டுக்குக் கிளம்பினான்.

மற்றொரு தோழன் தாஸ் கேட்டான்: "இத்த எங்க படிச்சே நீ?"

எங்கும் படித்ததில்லை. ஆலைக்குள் மாரி நுழைந்துவிட்டால் கைப்பேசியும் எட்டாது. ஓடிப்போய், கிளம்பிய கம்பெனிப் பேருந்தைத் தட்டி நிறுத்தி அவனை இறக்கினேன்.

"செத்துட்டுன்னுதானல சொன்ன?"

"தெரியாம சொன்னேன்டா."

சாலையோரம் வைத்துவிட்டு, விலகி நின்று காவல்துறையை அழைத்தோம். எத்தனை பழையதானாலும் வெடிக்கக்கூடும், கண்ட இடத்திலேயே தொடாமல் அழைத்திருக்க வேண்டும் என்றார் வந்த அதிகாரி.

இப்போதெல்லாம் வாதத்தைத் தொடங்குமுன் தாஸின் கேள்வியை என்னிடமே கேட்கிறேன். விடையில்லாதபோது, தெரியாது என்பதையும் மேடைக்குரலிலேயே சொல்கிறேன்.