ஒற்றை டியூப்லைட்டில் எதைக் குறைப்பது?

வழுக்காமலிருக்கச் சாம்பல் தொட்ட சம்பூர்ணத்தின் விரல்கள், தறியில் நீளவாட்டில் ஓடும் பழைய பாவின் ஓர் இழையையும் புதிய பாவின் ஓர் இழையையும் சேர்த்து முறுக்கின. அப்புறம் அடுத்தது. மொத்தம் ஐயாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஓர் இழை மாறினாலும் சேலை முழுக்கக் கோடு விழும்.

பாதியில் கரண்ட் போயிற்று. 2008இல் அது தினசரி வழக்கம்; பகலில் இரண்டு மணி நேரம்.

"கண்ணை மூடிக்கினே முடிச்சிடேன்மா," என்றார் தறிக்காரர் பரமசிவம்.

"முடிச்சிடலாம்ணா. அப்பால நீங்க கண்ணைத் தொறந்து அழுவணும்."

இருபது வருஷமாகப் பிள்ளையார்பாளையத்தில் தறி தறியாகப் போய் இழை பிணைப்பவள் சம்பூர்ணம். வெள்ளிக்கிழமைக்குள் பிணைப்பு முடியாவிட்டால் இந்தச் சேலை வேறு தறிக்குப் போய்விடும் என்று, நெய்யக் கொடுக்கும் சேலைக் கம்பெனி சொல்லியிருந்தது.

அந்தக் கம்பெனி தெற்கே காற்றாலை வாங்கிய கையோடு ஒரு போட்டியும் வைத்திருந்தது. போன வருஷச் செலவிலிருந்து மின்சாரத்தை அதிகமாகக் குறைத்தவர்களுக்கு சோலார் விளக்கு பரிசு. ஷோரூமில் நான்கு ஏசியில் இரண்டை நிறுத்தினார்கள். பரிசாக வைத்திருந்த மூன்று விளக்குகளும் அங்கேயே போயின. போட்டிப் படிவத்தில் தறிவீடுகளின் கட்டத்தில் பூஜ்யம்.

சம்பூர்ணம் நேரே மேனேஜர் தேவேந்திரனிடம் போனாள்.

"எங்களுக்கு இருக்குறதே ஒரு டியூப்லைட்டு. எதைப்பா குறைக்கிறது? பாதியை ஒடைச்சிடட்டா?"

"குறைச்சாத்தான் விளக்கு. ரூல்மா."

"அப்ப போன வருஷம் நாங்களும் ஏசி போட்டுக்கினு ஜில்லுனு நெய்ஞ்சிருக்கணும். தெரியாம போச்சே!"

இதைக் கேள்விப்பட்ட பரமசிவத்தின் மனைவி வடிவு, மறுநாள் காலை மிக்ஸியை வெறுமனே ஓடவிட்டாள். அடுத்த வருஷம் குறைத்துக் காட்ட வேண்டுமாம். சம்பூர்ணம் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினாள்.

வியாழக்கிழமை பிற்பகல், வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்க தேவேந்திரனே வந்தான். அவன் செருப்பைக் கழற்றும்போது கரண்ட் போயிற்று.

"நல்ல நேரத்துல வந்தே. உன் செல்லுல டார்ச் இருக்குதில்ல? பிடி."

பிடித்தான். பத்து நிமிஷத்தில் கையை மாற்றினான்.

"ஆட்டாதேப்பா, ஒரு இழை ரெண்டா தெரியுது."

"கை வலிக்குதும்மா."

"வலிக்கும். இன்னும் ஒண்ணே முக்கா மணி நேரம் இருக்குது."

அரை மணி நேரம் தாங்கினான். பிறகு எழுந்து போய், ஷோரூமிலிருந்து மூன்று விளக்குகளையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தான். படிவத்தில் 'எவ்வளவு குறைத்தீர்கள்' என்பதை அடித்துவிட்டு, 'கரண்ட் போனால் யார் வேலை நிற்கும்' என்று எழுதினான். ஒரு விளக்கு இங்கே, மற்ற இரண்டும் அடுத்த தறிவீடுகளுக்கு.

"முதலாளி கேட்டா?" என்றாள் சம்பூர்ணம்.

"இங்க கூட்டிக்கினு வந்து டார்ச்சைக் கையில குடுக்கிறேன்."

வெள்ளிக்கிழமை காலை கடைசி இழையையும் முறுக்கினாள் சம்பூர்ணம். எல்லாவற்றையும் ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தாள். முடிச்சுகள் அறுந்துவிடாமல் மெதுவாகத் தறியின் சீப்பு போன்ற அச்சின் வழியே இழுத்து, பாவின் நுனியைப் பரமசிவத்தின் கையில் கொடுத்தாள்.