எறும்புக்கடி

எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பாம்பு என்றால் நீளமாக இருக்க வேண்டும். வெம்பக்கோட்டையைச் சுற்றிப் பட்டாசுக் கம்பெனிகள் எல்லாம் காட்டுக்குள்தான் இருக்கின்றன. நல்ல மழை பெய்தால் ஏதாவது ஒன்று ஷெட்டுக்குள் வந்து ஒதுங்கும். அந்தப் புரட்டாசியில் அம்மா வேலை பார்த்த கம்பெனிக்குள் ஒரு சாரைப்பாம்பு வந்தது. வெடிமருந்து கிடக்கும் அறையில் கம்பியைக் கொண்டு அடித்தால் பொறி பறந்து எல்லோருக்கும் சங்குதான். அதனால் அங்கேயே வேலை பார்த்த சித்தப்பாவும் இன்னும் ஐந்து பேரும் மூங்கில் குச்சியோடு நின்று, கெஞ்சிக் கூத்தாடி அதை வெளியே அனுப்பினார்கள். சித்தப்பா வாயில் அது நாளுக்கு நாள் வளர்ந்து, வார முடிவில் கம்பெனி வேன் நீளத்துக்கு வந்துவிட்டது.

சாரைக்கு விஷமே கிடையாது. ஆனாலும் அந்த வாரம் முழுக்க அதையே நினைத்துப் பயந்துகொண்டிருந்தோம்.

எனக்கு அப்போது எட்டு வயது. தீபாவளி சீசன். காலை ஆறரைக்கு வேன் ஏறினால் அம்மா விளக்கு வைத்த பிறகுதான் வருவாள். ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது. பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுவாள். அப்பா சிவகாசியில் காலண்டர் அடிக்கும் அச்சகத்தில் இருந்தார், அவருக்கும் அதே ஓட்டம்தான். அம்மா ஒரே ஒரு பகல் என்னோடு வீட்டில் இருக்க வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. வேன் பஞ்சராகட்டும் என்று பிள்ளையாரிடம் கேட்டிருக்கிறேன். அவர் காதில் வாங்கவில்லை என்று கோபமும் இருந்தது.

காலாண்டு லீவு விட்டிருந்தது. இரவெல்லாம் மழை. விடிகிற நேரத்தில் அம்மா பாயில் உட்கார்ந்து கணுக்காலைச் சொறிந்தாள்.

"எறும்பு கடிச்சிருச்சு போல."

பாயைச் சுருட்டியது நான்தான். வெடிக்கான காகிதக் குழாய்களை வீட்டில் உருட்டிக் கொடுப்போம், அந்தக் கட்டுகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. அவற்றின் அடியில் சுண்டுவிரல் கனத்துக்கு ஒரு வால் பளபளவென்று நழுவிப் போனது.

"எம்மா, அரணை."

அரணைகள் எங்கள் வீட்டில் வாடகை கொடுக்காமல் குடியிருந்தன. அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது பாட்டுக்குப் போகட்டும். நீ பல்ல வெளக்கு" என்று சொல்லிவிட்டு வேனுக்கு ஓடினாள். கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் வழக்கம்போல அவள் போன் என்னிடம் இருந்தது.

பதினோரு மணிக்கு வேன் திரும்பி வந்தது. இரண்டு பெண்கள் அம்மாவைத் தாங்கிப் பிடித்து இறக்கினார்கள். வயிற்றுவலி, இரண்டு தடவை வாந்தி. ஃபோர்மேனுக்குச் சந்தேகமே வரவில்லை. மருந்து நெடி தலைக்கேறினால் யாருக்கும் இப்படித்தான் வரும். அதற்கு எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம் வாழைப்பழமும் கருப்பட்டியும். இரண்டையும் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். அம்மாவின் கால்களில் முழங்கால்வரை அலுமினியப் பொடி அப்பியிருந்தது. அந்தக் காலை யாரும் கழுவிப் பார்க்கவில்லை.

சொல்லவே கூசுகிறது, எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். பிள்ளையார் ஒருவழியாகக் கேட்டுவிட்டார். தலையணை போட்டேன், மின்விசிறியைச் சுழலவிட்டேன், பழத்தை உரித்து ஊட்டினேன். பாதிப் பழம் வாய்க்குள்ளேயே நின்றது, விழுங்கவில்லை.

"கண்ணு சொருகுது பாப்பா" என்றாள். நாக்குக் குழறியது.

"நீ தூங்கும்மா. நான் பாத்துக்கிடுறேன்."

பார்த்துக்கொண்டேன். பக்கத்து வீட்டு அத்தை வாசலில் வந்து, "ஏ புள்ள, ஒங்கம்மா எப்படி இருக்கா? உள்ள வந்து பாக்கவா?" என்று கேட்டபோது ஓடிப்போய்க் கதவை மறித்தேன்.

"அம்மா தூங்குது அத்தை. சத்தம் போடாதீக."

"சரி, தூங்கட்டும். பாவம், எம்புட்டு நாளாச்சு" என்று போய்விட்டாள்.

அப்பா போன் செய்தார். சத்தத்தை அமுக்கினேன். மூன்று தடவை அடித்தது, மூன்று தடவையும் அமுக்கினேன். அம்மாவின் உதடு லேசாக அசைந்தது, தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. கனவு காண்கிறாள் என்று நெஞ்சில் தட்டிக்கொடுத்தேன். எனக்குத் தாலாட்டெல்லாம் தெரியாது. ஏழாம் வாய்ப்பாட்டை மெதுவாகச் சொன்னேன்.

போனை எடுக்கவில்லையே என்று அப்பா பயந்து நாலு மணிக்கு வந்து சேர்ந்தார். அம்மாவைத் தூக்கியபோது தலை அவர் தோளில் நிற்காமல் சாய்ந்தது. ஆஸ்பத்திரியில் காலைத் துடைத்தபோதுதான் ஊசி குத்தினது மாதிரி இரண்டு புள்ளிகள் தெரிந்தனவாம். ஊசி போட்டும் பிரயோஜனம் இல்லை. பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது.

மறுநாள் குழாய்க் கட்டுகளைப் பிரித்தார்கள். ஒரு முழம் இருக்கும், கறுப்பு உடம்பில் வெள்ளை வெள்ளையாக வளையம். கட்டுவிரியன். "இதுவா? இந்தச் சின்னதா?" என்று சித்தப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். ஏன் போனை எடுக்கவில்லை என்று அப்பா இன்றுவரை என்னிடம் கேட்டதில்லை. கேட்டு நாலு அடி அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் நர்சிங் சேர்ந்தேன். இரண்டாம் வருஷம் ஒரு வகுப்பில் பாம்புக்கடி வந்தது. கட்டுவிரியன் கடித்தால் வலி தெரியாது, வயிறு வலிக்கும், பிறகு இமையைத் தூக்க முடியாது, விழுங்க முடியாது, பேச முடியாது, கடைசியில் மூச்சுவிட முடியாது என்று டீச்சர் சொல்லிக்கொண்டே போனார். நானும் எழுதிக்கொண்டே போனேன். அநேகம் பேருக்கு நினைவு தப்பாது, காது கேட்கும் என்றார். அதற்குமேல் என்னால் எழுத முடியவில்லை.

அன்றைக்கு அம்மா தூங்கவில்லை. அத்தை வந்ததும், நான் கதவை மறித்ததும், போன் அடித்து அடித்து நின்றதும், ஏழாம் வாய்ப்பாட்டை நான் இரண்டு இடத்தில் தப்பாகச் சொன்னதும், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்திருக்கிறாள்.