முடிச்சவிழ்க்கும் ஆடு

எங்கள் வீட்டில் ஒரு வெள்ளாடு இருந்தது. லாரிக்காரர்கள் போடும் முடிச்சையே அது அவிழ்த்துவிடும் என்று என்னோடு ஐந்தாம் வகுப்பு படித்த அத்தனை பேரிடமும் சொல்லியிருக்கிறேன். ஒருவரும் நம்பவில்லை. நான் நம்பினேன், கண்ணால் பார்த்தவள் அல்லவா.

அந்த வருடம் அப்பா லோடுக்குத் தார்ப்பாய் கட்டும்போது லாரி மேலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார். நாமக்கல் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டைப் பிரித்துவிட்டு, இனி நடக்க நடக்கத்தான் கால் தேறும் என்று சொல்லி அனுப்பினார் டாக்டர். அப்பாவோ கட்டிலை விட்டு இறங்கவே மாட்டேன் என்றார். “இனி நம்மால வண்டி ஓட்ட ஆவாது” என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். அம்மா கெஞ்சினாள், சாமிக்கு வேண்டிக்கொண்டாள், கோபித்துக்கொண்டு சாப்பிடாமலும் இருந்து பார்த்தாள். அவர் அசையவில்லை. வீட்டில் டிவிகூடச் சத்தம் குறைத்துத்தான் ஓடியது. எனக்கு அந்த வீடு பயமாக இருந்தது.

அப்போதுதான் மோகனூரிலிருந்து அம்மாவின் தம்பி அந்த ஆட்டை டெம்போவில் ஏற்றிவந்து இறக்கினார். ஆட்டுப்பால் குடித்தால் மச்சானுக்கு எலும்பில் பலம் வரும் என்றார். மாலையில் நான்தான் அதைக் கட்டினேன். விடிந்து பார்த்தால் ஆடு எங்கள் கடலைக்காட்டில் நின்று மேய்ந்துகொண்டிருந்தது.

“ஒரு முடிச்சு ஒழுங்காப் போடத் தெரியுதா அம்மிணி உனக்கு?” என்று கட்டிலில் இருந்தபடியே அப்பா கேட்டார். மறுநாள் இரட்டை முடிச்சு போட்டேன். அதுவும் அவிழ்ந்தது. பொறுக்கமாட்டாமல் அப்பாவே சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து, கழுத்துப் பட்டையில் லாரி முடிச்சைப் போட்டார். நுனி தெரிந்து இழுத்தால் ஒரே இழுப்பில் விட்டுவிடும், தெரியாதவர்களுக்கு நகம்தான் பெயரும். “இது கல்கத்தா வரைக்கும் அசையாது” என்றார்.

காலையில் ஆடு கடலைக்காட்டில் நின்றது.

அப்பா கட்டிய லோடு வழியில் ஒருநாளும் சரிந்ததில்லை. அந்தப் பெருமையில் ஆடு வாய் வைத்துவிட்டது. “எனக்கு அடுப்புல வேலை கெடக்குதுங்க, நீங்களே ஓட்டிட்டு வந்துருங்க” என்றாள் அம்மா. அவர் தடியை ஊன்றிக்கொண்டு, ஆட்டைத் திட்டிக்கொண்டே வரப்பில் இறங்கினார். பிறகு அதுவே தினப்படி ஆயிற்று. வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்து இன்னும் ரெண்டு இட்லி கேட்பார். மாலையானால் உட்கார்ந்து புதுப்புது முடிச்சாக யோசிப்பார். கெஞ்சியபோது எழாத மனிதர், ஓர் ஆட்டிடம் தோற்கக் கூடாது என்று எழுந்துவிட்டார். தடியை எப்போது விட்டார் என்று யாரும் கவனிக்கவில்லை. பாதிக் கடலைச்செடியை ஆடு தின்று தீர்த்தது. வெண்டைச்செடியில் கோழி கால் வைத்தாலே சண்டைக்குப் போகும் அம்மா, அதற்கு ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒருநாள் காலை நானும் அப்பாவோடு போனேன். முளைக்குச்சியில் ஆடு இல்லை. கயிறு மட்டும் வட்டமாகச் சுருட்டி அந்தக் குச்சியின் தலையில் மாட்டியிருந்தது. அவிழ்த்த கயிறு தரையில் கிடக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டில் அப்பாவின் சட்டம், எனக்கும் அம்மாவுக்கும் கை தானாகச் சுருட்டிவிடும். அப்பா அதைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இன்னைக்கும் அவுத்துக்கிச்சுங்களா?” என்று திரும்பாமலே அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள்.

“ஆமா. கெட்டிக்கார ஆடு” என்றார் அப்பா.

அன்று மாலையும் அதே முடிச்சைத்தான் போட்டார். மறுநாளும் விடியுமுன் தேடப் போனார்.

அவர் மறுபடி லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பிய வாரம் மாமா வந்து ஆட்டைத் திரும்ப ஓட்டிக்கொண்டு போனார். இவ்வளவு புத்தியுள்ள ஆட்டை யாராவது திருப்பிக் கொடுப்பார்களா என்று நான் அழுதேன். அம்மாவும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்ததில் எனக்கு இன்னும் அழுகை வந்தது. கயிற்றைச் சுருட்டி வைக்க அந்த ஆட்டுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று மட்டும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.