குறட்டை நின்றால் எழுப்புங்கள்

கொச்சியில், தோப்பும்படி ஐஸ் ஆலையிலிருந்து மட்டாஞ்சேரியை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். ஐஸ் உடைக்கும் இயந்திரத்தின் முன் நின்றபடியே உறங்கிவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் காலரைப் பிடித்து இழுத்ததால் கை தப்பியது. மேஸ்திரி திட்டவில்லை. "ஊருக்குப் போய் உறங்கெடா" என்றார். எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்து நான்கு வயது.

ஊர் கம்பம் பக்கம். ஏழாம் வகுப்போடு கிளம்பியவன். ஏலத்தோட்டம், செங்கல் சூளை, லாரி கிளீனர் என்று எதிலும் நிலைத்ததில்லை. பாதி இடங்களில் நானாக விலகினேன். மீதி இடங்களில் பகலில் உறங்கியதற்காக அனுப்பினார்கள்.

இரவெல்லாம் படுத்தெழுந்தும் தலை கனத்து, வாய் உலர்ந்து, சோம்பேறி என்று பெயர் வாங்கும் இளைஞர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர்கள் பக்கத்தில் படுப்பவர்களுக்காகவும்.

மட்டாஞ்சேரி பஜாரில் ஹமீதிக்காவின் சாயாக்கடையில் உட்கார்ந்தேன். அங்கே சமோவருக்குள் (சாயாவுக்கு வெந்நீர் கொதிக்கும் பித்தளைக் கலம்) ஒரு நாணயத்தைப் போட்டிருப்பார்கள். நீர் கொதித்துக்கொண்டிருக்கும்வரை அது உள்ளே துள்ளிக் கிலுகிலுக்கும். சத்தம் நின்றால் நீர் வற்றியிருக்கும், அல்லது கனல் அவிந்திருக்கும். உடனே போய்ப் பார்க்க வேண்டும். வேலை கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் பெஞ்சிலேயே உறங்கிப்போனேன்.

ஹமீதிக்கா தோளைத் தட்டினார். "அண்ணாச்சி, நீ சமோவர் மேல விழுந்து வெந்தா போலீஸுக்கு நானாக்கும் பதில் சொல்லணும். சாயா குடி. வேலை மட்டும் கேக்காதே."

எதிரே இருந்த சுக்குப் பண்டகசாலையைக் காட்டியவரும் அவர்தான். பகலில் இஞ்சி காயவைத்துக் கிளறுவது, இரவில் உள்ளேயே படுத்துக் காவல் காப்பது. இரண்டே நாளில் முதலாளி சேட்டு என்னைக் கூப்பிட்டார். "உன் குறட்டை தெருமுனை வரைக்கும் கேக்குதாம். திருடன் உள்ளே பத்து ஆள் இருக்குன்னு ஓடிடுவான். பூட்டுகூட வேண்டாம் போ" என்று சிரித்தார். வேலையும் படுக்கையும் அந்தக் குறட்டைக்காகவே உறுதியாயின.

மதிய ஓய்வில் சுமைக்காரர்களோடு சாக்குகளின் மேல் படுப்பேன். வேலாயுதன் சேட்டன் (மலையாளத்தில் அண்ணன்) எனக்குப் பக்கத்தில். ஐம்பதை நெருங்கிய மனிதர், மிளகு மூட்டையை ஒற்றை மூச்சில் தலைக்கு ஏற்றுவார். நான் குறட்டையைத் தொடங்கினால், "ஜங்கார் புறப்பட்டாச்சு" என்பார். லாரிகளை ஏற்றிக் காயலைக் கடக்கும் பெரிய படகுக்கு அங்கே அந்தப் பெயர். சத்தம் சட்டென்று நின்றால், "கரை சேர்ந்தாச்சு. யாரும் மிண்டாதீங்க. பாவம், இப்பத்தான் சுகமா உறங்குறான்" என்று மற்றவர்களை அடக்குவார். எல்லாரும் அந்த அமைதிக்காகக் காத்திருந்து, தாங்களும் கண்ணயர்வார்கள்.

ஒரு நாள் இஞ்சியைக் கிளறிக்கொண்டே விழுந்து நெற்றி கிழிந்தது. சேட்டன் என்னை எர்ணாகுளத்துக்கு அழைத்துப்போனார். தையல் போட்டவர், உறக்கத்தில் விழுந்தேன் என்றதும் தொண்டை மருத்துவரிடம் அனுப்பினார். ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருக்கையில் பெஞ்சில் சாய்ந்துவிட்டேன். பிறகு நடந்ததைச் சேட்டன் சொல்லித்தான் அறிவேன்.

குறட்டை நின்றிருக்கிறது. அந்த வழியாக வந்த தொண்டை மருத்துவர் என் முன் நின்றிருக்கிறார்.

"விளிக்க வேண்டா டாக்டர், இப்பத்தான் உறங்குறான்."

"உறங்கலை. நெஞ்சு பாடுபடுது பாருங்க. மூக்குக்கிட்ட கை வையுங்க, காத்து வருதா?"

சேட்டன் கை வைத்தார். காற்று இல்லை. என் உதடு கறுத்திருந்ததாம். மருத்துவர் உலுக்கியதும் செருமிக்கொண்டு விழித்தேன்.

அவர் என் வாயைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தார். டான்சில்கள் (தொண்டையின் இருபுறமும் உள்ள சதைக் கோளங்கள்) வீங்கி ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. நோயின் பெயர் ஸ்லீப் அப்னியா (உறக்கத்தில் தொண்டை மூடி மூச்சு நின்று நின்று வருவது) என்றார். மூச்சு நிற்கும்போதெல்லாம் மூளை உலுக்கி எழுப்பிவிடும், எழுந்தது நமக்கே தெரியாது என்றார். உறக்கத்தை அளக்கும் கருவிகள் வெளிநாட்டில் உண்டு, தன்னிடம் கண்தான் உண்டு என்றார். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார். அதுவரை மல்லாந்து படுக்கக் கூடாது, சாராயமும் உறக்க மாத்திரையும் தொடக் கூடாது.

சேட்டன் என் சட்டையின் முதுகுப் பக்கத்தில் துணிப்பை தைத்து, கொட்டைப் பாக்கை நிரப்பினார். மல்லாந்தால் குத்தும். கொஞ்சம் பயன் இருந்தது.

குறித்த நாளில் நான் போகவில்லை. குறட்டை போனால் வேலை போகும், படுக்க இடமும் போகும். கத்தியைவிட அதற்குத்தான் பயந்தேன்.

ஆனால் சேட்டன் மதியத்தில் உறங்குவதை நிறுத்திவிட்டார். என் பக்கத்தில் உட்கார்ந்து, சத்தம் நின்றபோதெல்லாம் விலாவில் இடித்தார். மூட்டை தூக்கும்போது அவர் கால் தள்ளாடுவதை ஒரு நாள் பார்த்தேன்.

"நீங்க படுங்க சேட்டா."

"எப்படிடா படுக்கிறது? இத்தனை நாளும் நீ சாகக் கிடந்தப்ப, மிண்டாதேன்னு ஊரை அடக்கினவன் நான். இனி எனக்கு வய்யடா, முடியாது. ஒண்ணு நீ ஆஸ்பத்திரிக்குப் போ, இல்லே வேற எங்கயாவது போய்ப் படு."

மறுநாள் எர்ணாகுளம் ஆஸ்பத்திரிக்குப் படகேறினேன்.

சிகிச்சைக்குப் பின் எச்சில் விழுங்குவதுகூடக் கண்ணாடித்தூளை விழுங்குவதுபோல் இருந்தது. ஆறிய கஞ்சியும் ஐஸ் துண்டும்தான் ஆகாரம். உறங்கவே பயம். முழுக்கக் குணம் என்று மருத்துவர் சொல்லவில்லை. எடை கூடாமல் பார்த்துக்கொள், குறட்டை திரும்பினால் வா என்றார்.

புண் ஆறிப் பண்டகசாலைக்குத் திரும்பினேன். குறட்டை நின்றிருந்தது, ஆனால் பயத்தில் அரைகுறையாகவே உறங்கினேன். சில நாள் கழித்துச் சேட்டு கூப்பிட்டார். இந்தமுறை சிரிக்கவில்லை. "உள்ளே ஆள் இருக்கானா இல்லையான்னே தெரியலை. நான் நாய் வச்சுக்கிறேன்" என்றார். கோபப்பட எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. அன்று சேட்டனின் அறையில் ஒண்டிக்கொண்டேன். கண் செருகும் நேரத்தில் ஒருமுறை அவர் விரல் என் மூக்கருகே வந்து போனதை உணர்ந்தேன். அமைதியை நம்ப அவரும் பழகவில்லை.

முன்பெல்லாம் விடியல் என்பது இரவின் மிச்சம்தான். படுத்த களைப்போடே எழுவேன். அன்று படுத்ததற்கும் எழுந்ததற்கும் நடுவே நான் இல்லாத ஒரு நீண்ட வெளி இருந்தது. அது நன்மைதான் என்று தெரிந்தும் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். இன்றும் அப்படித்தான் எழுகிறேன்.

எழுந்ததும் ஹமீதிக்காவின் கடைக்குப் போனேன். அவர் என் கண்களை உற்றுப் பார்த்தார். சாயா ஆற்றிக் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை, உறங்கி விழுகிறேனா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கரிக்கூடையைக் காலால் என் பக்கம் தள்ளினார்.

"உள்ளே அந்தக் காசு சத்தம் நிக்கக் கூடாது. நின்னா ஓடி வந்து பாக்கணும். அதாக்கும் உன் வேலை."

சமோவருக்குக் கரி போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன்.