காலை ஏழு மணிக் கடற்கரை

கடலோரத்தில் கட்டடம் கட்ட அனுமதி கேட்பவர்களுக்காக, இடத்தை நேரில் பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை. வெயிலுக்குப் பயந்து காலை ஏழு மணிக்கே போய்விடுவேன். வைத்திக்குப்பம் பக்கம் ஓர் உணவகத்தின் மதில் சுவருக்காகப் போனபோதும் அப்படித்தான். மணலில் ஈ காக்கை கூட இல்லை. அளந்து, படம் எடுத்து, ‘காலி இடம், மீனவர் பயன்பாடு இல்லை’ என்று எழுதிவிட்டேன்.

ஆபீஸுக்கு வந்த பிறகுதான் அளக்கும் டேப்பை அங்கேயே விட்டுவிட்டது தெரிந்தது. பதினொரு மணிக்கு மறுபடி போனால், நான் அளந்த இடம் முழுக்கப் படகுகள். டேப்பை எடுத்து வைத்திருந்த மீன்கார அக்காவிடம், “காலையில ஒண்ணுமே இல்லியேக்கா?” என்றேன்.

“ஏழு மணிக்கு வந்தா எப்டிம்மா இருக்கும்? படகெல்லாம் கடல்லதான இருக்கும்!” என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுவர் எழும்பியிருந்தால் இந்தப் படகுகளை எங்கே கரையேற்றுவார்கள்? நான் வெயிலுக்குப் பயந்ததில் இவர்கள் பிழைப்பு போயிருக்கும். நல்லவேளை, அறிக்கையில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன்.

இப்போது எந்த இடத்தையும் இரண்டு வேளை பார்க்கிறேன். காலியாக இருந்தால், யார் எப்போது திரும்பி வருவார்கள் என்று கேட்காமல் பேனாவைத் திறப்பதில்லை.