அரிசி நிறைந்த கலயமும் எரியாத அடுப்பும்

1. நர்சம்மா கொண்டு வந்தது

ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். சிவகாசியில் எங்கள் தரும சங்கம் சரக்கு வைக்கும் கிட்டங்கியில் உட்கார்ந்து கிழிந்த சாக்குகளைத் தைத்துக்கொண்டிருந்தேன். டிஸ்பென்சரி நர்சு எஸ்தரம்மா உள்ளே வந்தார். எப்போது வந்தாலும் "என்ன அண்ணாச்சி, நல்லாருக்கீகளா?" என்று கேட்கிறவர். அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. இடுப்பில் இருந்த மண்கலயத்தை இறக்கி என் முன்னால் வைத்தார்.

எட்டிப் பார்த்தேன். முக்கால் கலயம் புழுங்கலரிசி. கல் இல்லை, கறுப்பு இல்லை, ஒரு பொட்டுக் குருணை இல்லை.

"யார் வீட்டுக் கலயம்னு தெரியுதா?" என்று கேட்டார்.

கலயத்தின் கழுத்தில் சுண்ணாம்பால் இருபத்திரண்டு என்று எழுதியிருந்தது. எழுதியது நான்தான். "செல்லத்தாயி வீடு. நாளைக்குத்தான வசூல்? நீங்க எதுக்குச் சொமந்துட்டு வந்தீக?" என்றேன்.

"இந்தக் கலயம் நடையில இருந்துச்சு. இதுக்கு நாலடி தள்ளி அவ மக மயங்கிக் கெடந்தா. மூணு நாளா அந்த வீட்டுல அடுப்பு பத்தவைக்கலை. இந்த அரிசியைப் பொங்கிக் குடுடின்னேன். இது சங்கத்து அரிசி, தொடக்கூடாதுங்கா. அப்ப சங்கத்துலயே குடுத்துட்டு வாரேன்னு தூக்கிட்டு வந்துட்டேன். இந்தாங்க, உங்க அரிசி."

கோணி ஊசி என் உள்ளங்கையில் ஏறியது. ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் வலித்தது.

2. என் தொண்டையின் பெருமை

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். விருதுநகர்ச் சந்தையில் மல்லி மூட்டை சுமந்தேன். எண்ணெய்ச் செக்கில் கிடந்தேன். இன்றைக்கு லேபிள் அச்சடிக்கும் பிரஸ் இரண்டு என் பேரில் ஓடுகிறது. தீபாவளி சீசனில் ஆர்டர் கொடுக்க வரும் முதலாளிமார் என் வாசலில் காத்திருக்கிறார்கள். எனக்கு யாரும் ஏணி போடவில்லை. என் தோளும் என் தொண்டையும்தான். அந்தத் தொண்டைக்காகத்தான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் சங்கத்தில் என்னை வசூலுக்கு வைத்தார்கள்.

சங்கத்துக்கு இரண்டு வழியில் வரவு. ஒன்று மகமை. கடைவீதியில் விற்கிற ஒவ்வொரு மூட்டைக்கும் வியாபாரி சிறு தொகையை எடுத்து வைப்பார். மற்றது பிடி அரிசி. வீட்டில் உலை வைக்கிறபோதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்து நடையில் இருக்கும் கலயத்தில் போட வேண்டும். சனிக்கிழமை சனிக்கிழமை நான் கூண்டு வண்டியோடு போய் வாங்கி வருவேன். அந்த அரிசியை ஏலம் விட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்குச் சுவர் எழும்பியது. நொடித்துப்போன குடும்பத்துக்கு உதவி போனது. தருமத்துக்கென்று விழுந்த அரிசியில் வீட்டார் மறுபடி கை வைப்பதில்லை. எழுதாத சட்டம் அது.

நாரணாபுரம் பக்கம் பட்டாசு வேலைக்காரர்கள் தெரு என் பொறுப்பு. முப்பத்தெட்டு வீடு. எனக்கு முந்தி வசூலுக்குப் போனவர் பாதிக் கலயம்தான் கொண்டு வருவார். நான் போன மூன்றாவது மாதத்திலிருந்து முப்பத்தெட்டும் வந்தது. எப்படி என்று மற்ற தெரு வசூல்காரர்கள் கேட்பார்கள். சொல்ல மாட்டேன். இப்போது சொல்கிறேன்.

ஒரு வீட்டுக் கலயம் லேசாக இருந்தால் அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிப்பேன். மூன்று தெரு கேட்கிற மாதிரிச் சத்தம் போடுவேன்.

"ஏன் தாயி, இந்த வாரம் உங்க வீட்டுல அடுப்பே பத்தவைக்கலையா? வீட்டுக்காரரு காத்தைக் குடிச்சிட்டா கம்பெனிக்குப் போறாரு?"

தெரு சிரிக்கும். முப்பத்தோராம் நம்பர் பேச்சியக்காள் எல்லாரையும் விடப் பெரிதாகச் சிரிப்பாள். "அவ எங்கன பத்தவைப்பா அண்ணாச்சி, கண்ணாடி பாக்கவே அவளுக்குப் பொழுது சரியாப் போகுது!" என்று எடுத்துக் கொடுப்பாள். மறுவாரம் அந்தக் கலயம் கனக்கும். இதை நான் என் திறமை என்று நினைத்திருந்தேன்.

3. நானே போட்ட சட்டம்

நர்சம்மா கலயத்தோடு வந்த அந்த வருஷம் கோடையில் ஒரு பட்டாசு கம்பெனியில் மருந்து கலக்கிற அறை பற்றிக்கொண்டது. எங்கள் தெருவில் நான்கு குடும்பத்துக்கு அடி. மூன்று பேர் போய்விட்டார்கள். நான்காவது ஆள் செல்லத்தாயியின் புருஷன் கருப்பசாமி. இரண்டு கையும் வெந்து, மதுரைப் பெரியாஸ்பத்திரியில் கிடந்தான்.

யாருக்கு உதவி என்று முடிவு பண்ண சங்கத்துக் கமிட்டி கூடியது. தலைவர் எண்ணெய் மில் முதலாளி. பேர்களை வாசித்தார். செல்லத்தாயி பேர் வந்ததும் நான் எழுந்தேன்.

"அவளுக்கு வேண்டாம் முதலாளி."

"ஏம்லே? புருஷன் ஆஸ்பத்திரியில கெடக்கான்."

"கெடக்கான், வாஸ்தவம். ஆனா தீப்பிடிச்ச பெறகும் மூணு வாரமா கலயம் நெறையக் குடுக்கா. அதுவும் முழு அரிசி. கலயத்துல அரிசி விழுதுன்னா அடுப்பு எரியுதுன்னுதான அர்த்தம்? அவ அண்ணன்காரன் எவனாச்சும் அனுப்புவான். அவ பங்கை இல்லாதவளுக்குக் குடுப்போம்."

தலைவர் மற்றவர்களைப் பார்த்தார். "பாத்தீகளா, மூணாப்பு படிச்சவன் கணக்கை? பத்தாப்பு படிச்சிருந்தா கலெக்டர்லே நீ!" என்றார்.

பேரை அடித்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை மேடை போட்டு, மைக் வைத்து, மற்ற மூன்று பெண்களையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு மூட்டை கொடுத்தோம். கூப்பிட்டது என் தொண்டைதான். அன்றைக்கு நான் இரண்டு அங்குலம் வளர்ந்து வீட்டுக்குப் போனேன்.

நர்சம்மா வந்தது அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை.

4. டிஸ்பென்சரி வராந்தாவில்

ஓடினேன். பிள்ளை பெஞ்சில் கிடந்தது. நான்கு வயசு. குளுக்கோஸ் தண்ணீரைக் கரண்டியால் ஊட்டியிருந்தார்கள், கண் திறந்திருந்தது. செல்லத்தாயி அதன் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் இருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து முந்தானையைச் சரிபண்ணினாள். அந்த மரியாதை என்னைக் கொன்றது.

"எதுக்கு தாயி இப்படிப் பண்ணுன? இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"எங்கன வச்சுச் சொல்ல? தெருவுலயா? நீங்க கேக்குற கேள்விக்குப் பதில் சொல்லிட்டு மறுநா தண்ணிக்கு நான் எப்படிப் போக?"

"கலயத்துல கெடந்ததையாவது பொங்கியிருக்கலாம்ல?"

"தருமத்துக்குப் போட்டதுல கையை விடச் சொல்லுதீகளா அண்ணாச்சி? அவுக ரெண்டு கையும் வெந்து கெடக்கு. அந்தப் பாவமும் சேரணுமா?"

பிறகு நடந்ததைக் கேட்டுக் கேட்டு வாங்கினேன். அரிசி மில்லில் தவிடு புடைக்கப் போயிருக்கிறாள். கூலி காசில்லை, குருணை. அதைக் கஞ்சி காய்ச்சிப் பிள்ளைக்குக் கொடுத்து, தன் பங்கை மில்லிலேயே இரண்டு பிடிக்கு ஒரு பிடி என்று முழு அரிசியாக மாற்றிக் கலயத்தில் போட்டிருக்கிறாள். குருணை கிடந்தால் நான் தெருவுக்கே சொல்லிவிடுவேனாம். மூன்று நாளைக்கு முன்னால் மில் நின்றுபோனது. குருணையும் இல்லை.

அவள் கலயத்தில் விழுந்தது அவளுடைய சாப்பாடு. அதைக் காட்டித்தான் அவளுக்குப் பசி இல்லை என்று நான் கமிட்டியில் பேசியிருக்கிறேன்.

"இப்பமே ஒரு மூட்டை அனுப்புறேன்" என்றேன்.

"வேண்டாம். வண்டி வந்து எங்க வாசல்ல மூட்டை எறக்குனா எல்லாருக்கும் தெரியும். நாளைக்கு எப்பவும் போல வந்து கலயத்தைக் கேளுங்க. அது போதும்."

நர்சம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "மானம் கஞ்சி ஊத்துமாடி ஒன் பிள்ளைக்கு?"

"ஊத்தாது நர்சம்மா. ஆனா அவுக திரும்பி வந்து இந்தத் தெருவுலதான நடக்கணும்?"



5. புளியங்கொட்டை

அதற்கப்புறம் நாங்கள் செய்ததை என் யோசனை என்று பல மேடைகளில் பேசியிருக்கிறேன். எழுத்தில் பொய் வேண்டாம். யோசனை நர்சம்மாவுடையது. வாசலில் நின்று யாருடைய கலயத்தையும் திறக்கக் கூடாது. மூடியோடு வாங்கி வண்டிக் கூண்டுக்குள் கொண்டுபோய், சாக்கில் கொட்டி, மூடித் திருப்பித் தர வேண்டும். அரிசி தேவைப்படுகிற வீட்டார் கலயத்துக்குள் ஒரு புளியங்கொட்டை போட்டு வைத்தால், சாக்கில் கொட்டுவதற்குப் பதில் சாக்கிலிருந்து அள்ளி அந்தக் கலயத்தை நிறைக்க வேண்டும். அன்று பிள்ளைக்குக் கஞ்சி டிஸ்பென்சரியிலேயே ஆயிற்று. பொழுது சாய்வதற்குள் நர்சம்மா முப்பத்தெட்டு வீட்டிலும் ஏறி இறங்கி, பெண்களிடம் தனித்தனியாக விஷயத்தைச் சொன்னார். இருபத்திரண்டாம் கலயத்தையும் கொண்டுபோய் நடையில் வைத்தார்.

மறுநாள் போனேன். ஒரு கொட்டை இருக்கும், மிஞ்சினால் இரண்டு என்று என் கணக்கு. கூண்டுக்குள் குனிந்து மூன்றாம் நம்பர் கலயத்தைத் திறந்தேன். புளியங்கொட்டை. ஐந்தில் இருந்தது. எட்டிலும் ஒன்பதிலும் இருந்தது. பதினான்கில் கொட்டைக்குப் பக்கத்தில் ஒரு பிடி அரிசியும் இருந்தது. கேட்கிறவள் போடவும் செய்திருக்கிறாள்! வண்டிக்காரர் வெளியிலிருந்து, "என்ன அண்ணாச்சி, உள்ள சத்தத்தையே காணோம்?" என்றார். அடுத்த கலயத்தை இழுத்தேன்.

முப்பத்தொன்றைத் திறந்தேன். பேச்சியக்காள் வீடு. கொட்டை கிடந்தது.

நிறைத்து, மூடி, கொண்டுபோய்க் கொடுத்தேன். எப்போதும் போல ஒற்றைக் கையால் வாங்கினாள். கனத்தில் கை தாழ்ந்தது. சட்டென்று இடுப்பில் இடுக்கிக்கொண்டு, தெருவுக்குக் கேட்க, "என்ன அண்ணாச்சி, இன்னைக்குத் தொண்டை கட்டிக்கிருச்சா? ஒருத்தியையும் வையலையே!" என்றாள். தெரு சிரித்தது. நானும் சிரிக்கப் பார்த்தேன். வரவில்லை.

இருபத்திரண்டையும் சேர்த்து மொத்தம் பதினாறு கொட்டை.

கிட்டங்கிக்குத் திரும்பியபோது சாக்கின் அடியில் இரண்டு படி அரிசி இருந்தால் அதிகம். தலைவர் சாக்கை உதறிப் பார்த்தார். "எங்கலே வசூல்?" என்றார். பதினாறு கொட்டையையும் அவர் மேஜையில் வைத்து நடந்ததைச் சொன்னேன். ஒருவர் பேரும் சொல்லவில்லை. ஒவ்வொரு கொட்டையாக விரலால் நகர்த்தி எண்ணினார். "நம்ம தெருவுலயா? சீசன் நேரத்துலயா?" என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு மகமைப் பணத்தில் அரிசி மூட்டை வாங்கி வண்டியில் ஏற்றச் சொன்னார். அதற்கப்புறம் உதவி கொடுக்க அந்தத் தெருவில் மேடை போட்டதில்லை.

நாலு மாதம் கழித்து, விரல்கள் ஒட்டிய கையோடு கருப்பசாமி வந்தான். தெருவில் யாரும் அவனை இரக்கமாகப் பார்க்கவில்லை. கம்பெனிக் காவலுக்குப் போனான். அவன் வேலைக்குச் சேர்ந்த வாரம் இருபத்திரண்டாம் கலயத்தில் கொட்டை இல்லை, அரிசி இருந்தது. குருணையும் கலந்த அரிசி. அவள் அதை மறைக்கவில்லை.

இப்போது சங்க வேலைக்கு வருகிற தம்பிமார் படித்தவர்கள். பாரம் அச்சடித்து, கேள்வி கேட்டு, கட்டம் கட்டமாக நிரப்புகிறார்கள். அந்தப் பாரங்களை என் பிரஸ்ஸில்தான் அடிக்கிறார்கள், குறை சொல்லவில்லை. ஒன்று மட்டும் சொல்வேன். கொடுக்கிற வீடெல்லாம் சாப்பிட்ட வீடு என்று எண்ணாதீர்கள். வாய் திறந்து கேட்க ஒரு மறைவு செய்து கொடுத்துவிட்டு அப்புறம் கணக்கெடுங்கள்.

அந்த ஒரு நாளில் பதினாறு வீடு. அதற்கு முந்தின சனிக்கிழமை அந்தப் பதினாறு வீட்டு வாசலிலும் நின்று, கலயத்தைக் கவிழ்த்து, தட்டி, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் வாங்கிக்கொண்டு வந்தவன் நான்.